பூவராகன் சார் புதிதாக எழுதிய ஒரே வரி

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காலையில் வரும் அந்தத் தனியார் பஸ் எங்கள் பீங்கான் ஆலை வாசலில் நிற்பதே பூவராகன் சாருக்காகத்தான். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. வருடக்கணக்கான பழக்கத்தில் டிரைவரே பிரேக் போட்டுவிடுவார். சார் சாப்பாட்டுப் பையோடு இறங்கி, கண்டக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வருவார். போன மாதம் ஒரு நாள் பஸ் வழக்கம்போல் நின்றது. சார் இறங்கவில்லை, கண்டக்டர் இறங்கினார். விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட் வரை நடந்து வந்தவர் அங்கே நின்றிருந்த என்னிடம் சொன்னார்.

"மேடம், உங்க சார் வரமாட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னு எழுந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சு. உள்ள சொல்லிடுங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரமாகிறது என்று அன்று ஒருவரும் சத்தம் போடவில்லை.

நம் ஆலை நண்பர்கள் கூடிப் பேசி, சாரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவள், தமிழ் நன்றாக வரும் என்று காரணம் சொன்னீர்கள். முதலில் மாட்டேன் என்றேன். என் வாயைத் தெரிந்த உங்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கும். எதற்கும் பின்வாங்காத பிலோமினா இதற்கு ஏன் தயங்குகிறாள் என்று கேட்டீர்கள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது, அதுதான் காரணம். குனிந்த தலையோடே எழுதுகிறேன்.

ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதுவரை களிமண் கலவையிலிருந்து பேக்கிங் வரை எல்லாம் வாய்ச்சொல்லில் ஓடிக்கொண்டிருந்தது. "ஜாடி காஞ்சிடுச்சா?" "காஞ்சிடுச்சு." அவ்வளவுதான் நிர்வாகம். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. சென்னையிலிருந்து சாஃப்ட்வேர் ஆள் ஒருவரை வரவழைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு டெம்ப்ளேட் என்றார் அவர். முதலில் என்ன வேலை, அடுத்து என்ன வேலை, எதை யார் முடிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்த ஒரு அச்சு. ஆர்டர் வந்ததும் அதற்குரிய அச்சைத் தேர்ந்தெடுத்தால் அவரவர் வேலை அவரவர் திரையில் வந்து நிற்கும். முடித்துவிட்டு 'டன்' என்று அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் வேலை அடுத்தவர் திரைக்கு நகரும். அழுத்தியவர் பெயரும் கூடவே பதிவாகிவிடும்.

முதல் டெம்ப்ளேட் மின்கம்பத்து இன்சுலேட்டருக்குப் போட்டார்கள். சென்னைக்காரர் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு "நெக்ஸ்ட்? நெக்ஸ்ட்?" என்று கேட்டுக்கொண்டே போக, திட்டப் பிரிவுப் பொறுப்பாளரான பூவராகன் சாரும், சூளை எரிக்கும் குப்புசாமி அண்ணனும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். புதுச் சூளையைப் பற்றவைத்த வாரம் அது. டிராலியைச் சூளைக்குள் ஏற்றியதும் என்ன என்று கேட்டதற்கு குப்புசாமி அண்ணன், "என்னா நெக்ஸ்ட்டு? ஒரு சூடத்தக் கொளுத்தி வெச்சிட்டு தீய வுட வேண்டியதுதான்" என்றார். சொன்னதை அடிப்பதுதானே அந்த மனிதருக்கு வேலை. 'கில்ன் பூஜா', அதாவது சூளைப் பூஜை, என்று ஆங்கில எழுத்தில் அடித்து, பொறுப்பு யார் என்ற கட்டத்தில் சூளை இன்சார்ஜ் என்று போட்டுவிட்டார். சூளை இன்சார்ஜ் நான். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு டெம்ப்ளேட் போடும் உரிமை சாருக்கு மட்டுமே இருந்தது. புதிதாக ஒன்று போட இரண்டு வழி உண்டு. வெற்றுத் திரையில் ஒவ்வொரு வரியாக எழுதலாம். ஒரு வரிக்கே ஏகப்பட்ட கட்டங்கள், ஒன்றை விட்டாலும் கம்ப்யூட்டர் கத்தும். இல்லையென்றால் இருக்கிற டெம்ப்ளேட்டில் ஒன்றைக் காப்பி எடுத்து, பெயரை மாற்றி, வேண்டாததை நீக்கிக்கொள்ளலாம். இந்த இரண்டாவது வழி பிடிபட்ட அன்று சார் கேண்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். "இருக்குறத எடு, பேர மாத்து, ஆள வுடு" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். இன்சுலேட்டருக்குப் பிறந்தது ஃபியூஸ் கட்டை. ஃபியூஸ் கட்டைக்குப் பிறந்தது ஊறுகாய் ஜாடி. ஜாடிக்குப் பிறந்தது பொம்மை. இப்படியே ஒரு வம்சம் வளர்ந்தது.

ஊறுகாய் ஜாடிக்கு முதல் ஆர்டர் வந்தபோது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சோதனைப் பிரிவு ராஜேந்திரன் சாரிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சார், திரையில ஹை வோல்டேஜ் டெஸ்ட்டுன்னு வருது. ஜாடிக்குக் கரண்டு வுடணுமா? ஊறுகாய்க்கு ஷாக் அடிக்குமான்னு பாக்கவா?" சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உடனே அந்த வரியை நீக்கினார். அவர் வேலை செய்த விதம் அதுதான். எந்த வரி ஒருவரைத் தடுத்து நிறுத்தியதோ அதை எடுத்துவிடுவார். யாரையும் நிறுத்தாத வரி அப்படியே உள்ளே தங்கி, அடுத்த காப்பிக்கும் போய்விடும்.

கில்ன் பூஜா யாரையும் நிறுத்தவில்லை. என் திரையில் அது வந்தால் நான் டன் அழுத்திவிடுவேன். சூடம் யாரும் கொளுத்தியிருக்க மாட்டார்கள். குப்புசாமி அண்ணன் வெள்ளிக்கிழமையில் தன் பாட்டுக்கு ஒரு சூடம் வைப்பதோடு சரி. சாரிடம் போய், இந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு வருகிற மனிதரிடம் ஒரு கிறிஸ்தவப் பெண் போய்ப் பூஜையை எடு என்றால் அது எப்படி விழும்? ஊரில் ஒருவருக்கொருவர் மரியாதையாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த மரியாதையில் பாதி இப்படிப் பேசாமல் இருப்பதுதான். ஒரு விரலால் அழுத்தினால் தீர்ந்துபோகிற விஷயத்தை ஏன் பெரிதாக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் கோயில் தேர்த் திருவிழாவுக்குக் கையடக்கமான மாதா சிலைகள், நாங்கள் சுரூபம் என்போம், வேண்டும் என்று ஃபாதர் கேட்டபோது, எங்கள் ஆலையிலேயே செய்து தருகிறோம் என்று முன்னால் நின்றவள் நான்தான். என் வீட்டுக்காரர் அருளப்பன் அந்தக் கோயிலின் உபதேசியார். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, திருப்பலிக்கு ஆயத்தம் செய்வது, ஒன்பது நாள் நவநாள் ஜெபத்தை நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆர்டர் வந்ததும் பூவராகன் சார் வழக்கம்போல் பொம்மை டெம்ப்ளேட்டைக் காப்பி எடுத்துப் பெயரை மாற்றினார். சுரூபங்கள் வெள்ளை வெளேரென்று வந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. பெட்டிகளில் அடுக்கி நானே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

அந்தப் பெட்டிகளை, கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையினர் கோயில் மண்டபத்தில் வைத்துப் பிரித்தார்கள். நம் ஆலையிலிருந்து போகும் எந்தப் பெட்டியிலும், பொருள் எந்தெந்த வேலைகளைக் கடந்து வந்தது, எதை யார் முடித்தார்கள் என்ற தாள் ஒன்று இருக்கும். வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று மேனேஜர் செய்த ஏற்பாடு. பேரவையின் மூத்தவரான சவரிமுத்து ஐயா அந்தத் தாளை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"கில்ன் பூஜா. டன் பை பிலோமினா."

அவர் அடுத்த பெட்டியைப் பிரித்தார். அதிலும் அதே வரி. "ஏம்ப்பா உபதேசியாரே, உன் வூட்டம்மா மாதாவுக்கே பூஜ போட்டு அனுப்பியிருக்குதே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் கையில் சுரூபத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். வரும் ஞாயிறு பேரவை கூடிப் பேசட்டும், அதுவரை உபதேசியார் நவநாளை நடத்த வேண்டாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். "நீ சூடம் கொளுத்தினியா, இல்லியா?"

"இல்ல."

"அப்ப எதுக்குக் கொளுத்தினேன்னு அடிச்ச?"

"அடிக்காட்டி டிராலி நவராது."

"இதையே ஃபாதர்கிட்ட சொல்லேன்."

"சொன்னா ஆலையில என்னா கேப்பாங்க? சூடு பாத்தேன், நேரம் பாத்தேன்னு மத்தது எல்லாத்தையும் இப்படித்தான் அடிச்சியான்னு கேப்பாங்க. அப்புறம் அங்க யாரு என்ன நம்புவாங்க?"

"வேலைய வுட்டுடு" என்றார். பொம்பளைக்குச் சூளைப் பக்கம் என்ன வேலை என்றவர்களோடு மல்லுக்கட்டி, பீங்கான் டிப்ளமோவைக் காட்டிக் காட்டி நான் வாங்கிய இடம் அது. செய்தேன் என்றால் அவருக்குக் கோயில் போகும். செய்யவில்லை என்றால் எனக்குச் சூளை போகும். இரண்டில் ஒன்று என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை நான் சார் மேஜைக்குப் போன வேகம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அந்தத் தாளை அவர் முன்னால் போட்டேன். திட்டப் பிரிவு முழுவதும் கேட்க, "உங்க நாமத்த எங்க மாதா நெத்தியில போட்டுட்டீங்களே சார், இப்ப திருப்தியா?" என்று கத்தினேன். அவர் தாளைப் படித்தார். கை தானாகத் தன் நெற்றிக்குப் போய், நாமத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. "இது இன்னுமா இருக்குது?" என்று மட்டும் கேட்டார். முகம் சுண்டிவிட்டது. என் பேச்சுக்குப் பதில் பேச்சு பேசியிருந்தால் எனக்கு இத்தனை நாள் அது உறுத்தியிருக்காது.

உடனே கம்ப்யூட்டரைத் திறந்து, முதல் டெம்ப்ளேட்டில், அந்த இன்சுலேட்டரில், கில்ன் பூஜா வரியை என் கண் முன்னாலேயே நீக்கினார். "போச்சும்மா. மூலத்துலயே எடுத்தாச்சு. இனிமே எதுலயும் வராது. என்ன மன்னிச்சிடு." எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சூளைக்குத் திரும்பிப் போனேன். மத்தியானம் ஃபியூஸ் கட்டை டிராலி வந்தது. திரையில் கில்ன் பூஜா வந்து நின்றது.

மூலத்தைத் திருத்தினால் காப்பி திருந்தாது என்பது எங்கள் இருவருக்குமே அன்றுதான் தெரிந்தது. காப்பி எடுத்த நொடியே அது தனிக்குடித்தனம் போய்விடுகிறது. மறுபடி போய்ச் சொன்னபோது சார் தான் போட்ட டெம்ப்ளேட்டுகளின் பெயர்களைத் திரையில் மேலிருந்து கீழே ஓடவிட்டார். அது ஓடிக்கொண்டே இருந்தது. "அத்தனையும் நான் பாக்காம போட்டதும்மா" என்றார். மீட்டிங்குக்கு மீட்டிங், வரி வரியாகப் பார்த்துத்தான் போடுகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லி வந்த மனிதர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து பேரவை வேப்பமரத்தடியில் கூடியது. என் வீட்டுக்காரர் ஒரு ஓரமாக நின்றார். நான் பெண்கள் பக்கம். என்ன சொல்வது என்று அதுவரை எனக்குத் தெரியவில்லை. அப்போது கேட்டருகே ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் பளிச்சென்று நாமம். லீவு நாளில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். யாரோ, "செருப்போட வரலாம் சார்" என்றார்கள். "பரவால்லீங்க" என்று சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து வந்து கூட்டத்துக்கு முன்னால் நின்றார். நான் அவரை வரச் சொல்லவில்லை. அவரிடம் கூட்டம் பற்றியே சொல்லவில்லை. எப்படித் தெரிந்துகொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என் பேரு பூவராகன். ஆலையில டெம்ப்ளேட் போடுறவன் நான்தான். இந்தப் பொண்ணு பூஜ பண்ணலீங்க. யாருமே பண்ணல. எப்பவோ எழுதின வரி அது. நான் பழச எடுத்துப் பேர மட்டும் மாத்தினேன். உள்ள என்னா இருக்குதுன்னு பாக்கல. மாதா பேர மேல எழுதுறப்பகூடக் கீழ பாக்கல. அது என் தப்பு. எனக்கு ரொம்ப வெக்கமா இருக்குதுங்க."

சவரிமுத்து ஐயா விடவில்லை. நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். "அப்ப பண்ணாதத பண்ணேன்னு அந்தம்மா அடிச்சிருக்குதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சார் மட்டும் பார்க்கவில்லை. "அடிக்காட்டி அடுத்த வேலை நவராதுங்க. வேற வழி இல்லாம பண்ணி வெச்சவன் நான். கேக்கறத என்னையே கேளுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பேரப்பிள்ளை எடுத்த வயதில், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோயில் வளாகத்தில், மணல் சுடுகிறதென்று கால் மாற்றி மாற்றி நின்றார். நான் வாயே திறக்கவில்லை. இன்னும் அந்தக் கால்கள்தான் என் கண்ணில் நிற்கின்றன.

ஃபாதர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துப்போனார். அத்தோடு பேச்சு முடிந்தது. அன்று மாலை நவநாளை என் வீட்டுக்காரரே நடத்தினார்.

கூட்டத்தில் நம் ஆலைக்காரர்கள் இருவர் இருந்தார்கள். திங்கள்கிழமை மேனேஜர் எல்லாப் பிரிவு இன்சார்ஜ்களையும் கூப்பிட்டு நிற்கவைத்துக்கொண்டு சாரைக் கேட்டார். "லைன் பை லைன் செக் பண்றேன்னு சொன்னீங்களே?"

"பாக்கல சார்."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்தே சார்."

என்னை மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாக் காப்பியையும் திருத்த ஒரு வாரம் தந்தார். அதன் பிறகு டெம்ப்ளேட் உரிமை கணக்குப் பிரிவில் இருந்த பெண்ணாடத்து சுமதிக்குப் போகும் என்றார். சார் "சரிங்க சார்" என்றார். அந்த வாரம் அவர் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்ததை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு டெம்ப்ளேட்டாகத் திறந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மின்விசிறி இன்சுலேட்டரில் ஊறுகாய் ஜாடி மூடி அளவு இருந்தது. பொம்மையில் ஃபியூஸ் கம்பி இருந்தது. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அவர் குறுகிப்போனதை எதிரில் இருந்தவர்கள் சொல்வார்கள்.

வாரக் கடைசியில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோயிலுக்கு மறுபடியும் சுரூபம் கேட்டிருந்தார்கள். அவர் திரையில் ஒன்றுமே இல்லை, வெறுமையாக இருந்தது. "இத மட்டும் காப்பி எடுக்காம போடப் போறேன். நீயே ஒண்ணொண்ணா சொல்லும்மா" என்றார். கலவை, அச்சு, காயவைப்பது, பூச்சு என்று சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். டிராலி ஏற்றும் வரி வந்ததும் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தீய வுடறதுக்கு முன்னாடி உங்க ஆளுங்க என்னா செய்வாங்கம்மா?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம் சார்."

"ஒண்ணுமேவா?"

அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. சீக்கிரம் எழுந்து போனால் போதும் என்றிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "சும்மா ஒரு நிமிஷம் நிப்போம் சார்."

அவர் அதை அடித்தார். 'ஸ்டாண்ட் ஒன் மினிட்.' பொறுப்பு சூளை இன்சார்ஜ். "இது நல்லா இருக்குதும்மா. குப்புசாமியும் நிக்கலாம், நீயும் நிக்கலாம்" என்றார். அத்தனை வருடத்தில் அவர் காப்பி எடுக்காமல் தானாக எழுதிய டெம்ப்ளேட் அது ஒன்றுதான். அதிலும் வேறெங்கும் இல்லாத புது வரி அந்த ஒன்றுதான்.

உரிமை கைக்கு வந்ததும் சுமதி, இருப்பதிலேயே சுத்தமாக இருப்பது இதுதான் என்று அதிலிருந்தே எல்லாவற்றையும் காப்பி எடுக்க ஆரம்பித்தாள். ஃபியூஸ் கட்டைக்கும் வந்தது, ஜாடிக்கும் வந்தது. நம் சூளையில் எது ஏறினாலும் தீ விடுவதற்கு முன் திரையில் ஸ்டாண்ட் ஒன் மினிட் வந்து நிற்கத் தொடங்கியது. சார் தனக்கு ஒரு டெம்ப்ளேட் வேண்டுமென்றால் சுமதி மேஜை முன்னால் போய்க் காத்திருப்பார். உட்காருங்க சார் என்றாலும் உட்கார மாட்டார். "பேர மாத்தறது வேலையில்லம்மா. உள்ள பாக்கறதுதான் வேலை. நான் பட்டுட்டேன், நீ பாத்துக்க" என்று அவளிடம் சொல்வார். கேண்டீனில் "இருக்குறத எடு" என்று நீங்கள் யாராவது கிண்டல் செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவதையும் பார்த்திருக்கிறேன்.

அந்த வரியைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு முறை. கை கழுவும் இடத்தில் நின்றபோது, ஏதோ வீட்டு விஷயம் விசாரிப்பதுபோல் கேட்டார். "நிக்கிறீங்களாம்மா?"

"நிக்கிறோம் சார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நான் நின்றதே இல்லை. ஒரு நாள்கூட. திரையில் வந்ததும் டன் அழுத்திவிட்டு அடுத்த டிராலியைப் பார்க்கப் போய்விடுவேன். என்னைப் பார்த்துக் குப்புசாமி அண்ணனும் நிற்கவில்லை. எந்த விரலால் அவரை அந்தச் சுடுமணலில் நிறுத்தினேனோ, அதே விரலால் அதையேதான் மறுபடி செய்துகொண்டிருந்தேன்.

சார் இறந்த அன்றே ஸ்ரீமுஷ்ணத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். தெருவே கூடியிருந்தது. என் வீட்டுக்காரர் மாலை போட்டுவிட்டு வெளியே நின்றார். நான் உள்ளே போய் சாரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரோ, "ஆலையிலேருந்து வந்திருக்காங்க" என்றார்கள். அந்த அம்மா என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார்.

"நீங்கதான் சூளையம்மாவா? உங்களப் பத்தி வூட்ல சொல்லிக்கிட்டே இருப்பாரு."

என்ன சொல்லியிருப்பாரோ என்று எனக்கு உடம்பு கூசியது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தெனம் பஸ்ஸுக்குக் கௌம்பறதுக்கு முன்னாடி வாசல்ல வந்து பைய கீழ வெச்சிட்டு ஒரு நிமிஷம் நிப்பாரு. சும்மா நிப்பாரு. பஸ்ஸு போயிடப் போவுது, என்னாத்துக்கு நிக்கிறீங்கன்னு கேப்பேன். எங்க ஆலையில தீய வுடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு எல்லாரையும் நிக்க வெக்குது, நல்ல பழக்கம், நானும் எடுத்துக்கிட்டேன்னுவாரு. நேத்துக்கூட நின்னாருங்க."

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சுற்றியிருந்தவர்கள் சாருக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்? இல்லாத ஒரு பழக்கத்தை என்னிடமிருந்து காப்பி எடுத்து, உள்ளே பார்க்காமல் நம்பி, ஒவ்வொரு காலையும் ஒழுங்காகச் செய்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஷிப்டில் முதல் டிராலி ஏறியது. திரையில் வரி வந்தது. பின்னால் வந்து நின்ற சுமதி, "அக்கா, இந்த லைன் எதுக்கு? ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். யாருக்கும் தேவையில்லன்னா எல்லாத்துலேருந்தும் எடுத்துடட்டா?" என்று கேட்டாள்.

"வுடு, இருக்கட்டும்" என்றேன்.

குப்புசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். டிராலி தள்ளுகிறவர்களைக் கூப்பிட்டேன். சுமதியையும் இருக்கச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சூளை வாயில் எல்லோரும் நின்றோம். குப்புசாமி அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். வெளியே ஸ்ரீமுஷ்ணம் பஸ் வாசலில் வேகம் குறைத்து, பிறகு நிற்காமல் போகிற சத்தம் கேட்டது. நிமிடம் முழுவதும் போன பிறகுதான் டன் அழுத்தினேன்.

அவருடையது என்று என்னிடம் மீதமிருப்பது இந்த வரிதான். நான் இந்தச் சூளையில் இருக்கும்வரை இதை யாரும் எடுக்கவிட மாட்டேன், இதில் பொய்யாக விரல் வைக்கவும் விட மாட்டேன். நிக்கிறீங்களா என்று கேட்டீர்களே சார். இன்றைக்கும் நின்றோம்.